கண்டாக்கையா தொழிலாளியான பத்து நாட்கள்

“ஒரு தேசத்தைக் கட்டியெழுப்புவது கல்லுமல்ல, சீமெந்துமல்ல, நிர்மாண முகாமைத்துவக் கல்வி ஒன்றே” என்று வெலிஹிந்த தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவின் சமூக மண்டபத்தில், 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பிற்பகல் இரண்டேகால் மணிக்குப் பிரகடனம் செய்யப்பட்டது. அதைக் கேட்கப் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் அடையாள அட்டைக்குப் போட்டோ பிடிக்கிறார்கள் என்று நினைத்துத் தலை சீவி, பவுடர் பூசி வந்தவர்கள். கமரா எங்கே என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். மீதிப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு தேசம் கட்டும் வேலை தொடங்கியது.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் இறப்பர் தோட்டம் அது. கீழ்க்கணக்கு லயங்களின் வரிசை அறைகளில் இருந்தவர்களுக்கு இருபது தனி வீடுகள் கட்டுவதாக முடிவாகியிருந்தது. காசு கொடுக்கிற கொழும்பு நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. வேலையைக் கூடவே நின்று பார்க்கிற மேற்பார்வையாளர் தோட்டத்து ஆளாக இருக்கவேண்டும். அவர் இந்தப் பத்து நாள் பயிற்சியை முடித்து, அதில் முதலாவதாக வந்திருக்கவேண்டும்.

கிருஷ்ணகுமாரிக்கு அந்த வேலை வேண்டும். முப்பத்து நான்கு வயது, பதினாறு வருடமாக இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இருபது வீட்டில் ஏழாம் நம்பர் அவளுடையது. எட்டு வருடத்துக்கு முன்பு மேற்கணக்கில் பத்து வீடு கட்டினார்கள். அத்திவாரத்துக்குள் கல்லுக்குப் பதிலாக என்னென்னவோ போய்ச் சேர்ந்தன. ஒரு பழைய மெத்தைகூடப் போனதாகச் சொல்வார்கள். அவளுடைய அக்கா வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பு வழியாகத்தான் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்கு உப்பும் செத்தல் மிளகாயும் கைமாறுகின்றன. ஏழாம் நம்பருக்கு அத்திவாரம் போடும்போது, என்ன போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிற அதிகாரம் தனக்கு இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மேற்கணக்கு வீடுகளை அப்போது மேற்பார்வை செய்தவர் திரு. டெனிஸ். பதவியால் கள உத்தியோகத்தர். தோட்டத்து வாயில் கண்டாக்கையா. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலையில் எந்த மரங்களை வெட்டுவது என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். மேற்பார்வை என்ற சொல் எங்கே கேட்டாலும் அங்கே தான் இல்லாமல் முடியாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே அவரும் பயிற்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பிரகடனம் செய்தவர், கற்பிக்க வந்த ஸ்ரீதரன். பூர்வீகம் யாழ்ப்பாணம், இருப்பு கொழும்பு. நிர்மாண முகாமைத்துவத்தை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வின் முடிவு அவருக்கு முன்பே தெரிந்திருந்தது: கற்பிக்கக் கூடாது.

“நான் படிப்பிக்க வரேல்ல. நீங்கள் படிக்க வந்திருக்கிறீங்கள். கட்டடம் எண்டால் என்ன? ஆளுக்கொரு அட்டையில எழுதுங்கோ” என்றார்.

மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு அட்டைகள் விநியோகமாயின. ஒருவரும் எழுதவில்லை. தோட்டத்தில் காற்சட்டை போட்ட ஆள் ஒருவர் கேள்வி கேட்டால், ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் பழனியாண்டி கையை உயர்த்தினார். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பத்தொன்பது வருடம் மேசன் பாஸாக வேலை பார்த்துவிட்டு முதுகுவலியோடு ஊர் திரும்பியவர்.

“மொதல்ல அத்திவாரம் வெட்டணும்ங்க.”

“நல்லது. வேற?”

“அது தப்புங்களா சேர்?”

“இஞ்ச பிழையான விடை எண்டு ஒண்டும் இல்லை, ஐயா.”

பழனியாண்டி ஆடிப்போனார். பிழையே இல்லாத கட்டட வேலையை அவர் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் கண்டதில்லை.

இரண்டாம் நாள் செயல்முறை ஆரம்பமாயிற்று. பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஒரு கக்கூசு கட்டவேண்டும். கட்டிக்கொண்டே கற்கவேண்டும், ஆனால் அவரவர் ஒரு பாத்திரமேற்று நடிக்கவேண்டும். வெற்று ரின்பால் தகரப் பேணி ஒன்றுக்குள் பாத்திரங்களை எழுதிப் போட்டுக் குலுக்கினார் ஸ்ரீதரன். பழனியாண்டிக்கு வந்தது வாடிக்கையாளர். பிள்ளைமடுவத்தில் பிள்ளை பார்க்கிற செலினாவுக்கு மேசன். கிருஷ்ணகுமாரிக்கு முகாமையாளர். மற்றவர்களுக்கு ஆலோசகர், களஞ்சியப் பொறுப்பாளர், பாதுகாப்பு அதிகாரி, சுற்றாடல் அவதானிப்பாளர் என்று விதவிதமாக வந்தன. தொழிலாளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கண்டாக்கையாவின் கையில் போய் விழுந்தது.

எல்லாரும் அவரவர் அட்டையைக் குனிந்து பார்த்தார்கள்.

“மாத்திக் குடுத்துருங்க சேர்” என்றாள் கிருஷ்ணகுமாரி. “ஐயா போயி மண்ணு வெட்டுறதா?”

“மாத்த ஏலாது. அதிகாரத்தில இருக்கிறவை மற்றவையின்ர அனுபவத்தை உணர வேணும். அதுதான் இந்த முறையின்ர உயிரே” என்றார் ஸ்ரீதரன்.

கண்டாக்கையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை.

விதிகள் கரும்பலகையில் எழுதப்பட்டன. பாத்திரத்தை விட்டு ஒருவரும் வெளியே வரக்கூடாது. முகாமையாளர் எந்தக் கருவியைத் தொட்டாலும் தலைமைத்துவத்துக்கான நாற்பது மார்க்கில் பூச்சியம். வரவுப் பதிவேடு முகாமையாளரின் பொறுப்பு. பத்து நாளில் குறைந்தது எட்டு நாளாவது வரவு இல்லாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. தொழிலாளியின் அட்டையில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது: குழி வெட்டுதல். கக்கூசுக்குப் பின்னால் ஆறடி தள்ளி, வாழை மரத்துப் பக்கம், சுண்ணாம்பால் வட்டம் போட்டு இடம் குறித்திருந்தார்கள். கக்கூசுப் பேசினிலிருந்து குழாய் வந்து அந்தக் குழிக்குள் இறங்கவேண்டும்.

மூன்றாம் நாள் தொழிலாளி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தலையில் துவாய். காதில் பீடி.

“வீட்ல கொஞ்சம் சொகமில்லீங்க” என்று தலையைச் சொறிந்தார். “பெரியம்மா செத்துட்டாங்க.”

“ஐயா, உங்க பெரியம்மாவா?” என்று செலினா பதறிப்போய்ச் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என் பெரியம்மா இல்ல. தொழிலாளியோட பெரியம்மா” என்றார் கண்டாக்கையா, ஒரு கண நேரம் பழைய குரலில். “வருஷத்துக்கு மூணு தடவ சாவாங்க. பதினேழு வருஷமா நான் கேட்டுக்கிட்டு வர்றேன்.” மறுபடி கூனிக்கொண்டு, “ஒரு பிளேன்டி கெடைக்குங்களா அம்மா?” என்றார்.

பதினேழு வருடமாகத் தொழிலாளர்களைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் முழுவதையும் ஒரே உடம்பில் இறக்கி நடித்துக் காட்டினார். மண்வெட்டியை ஒரு தடவை போட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிளேன்டி குடித்தார். வெற்றிலை கேட்டார். சுற்றாடல் அவதானிப்பாளருடன் ஊர் வம்பு பேசினார். ஸ்ரீதரன் நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தள்ளினார்.

கிருஷ்ணகுமாரி வியர்த்துப்போய் நின்றாள். அவளுக்கு மார்க் வேண்டும். மார்க் போடுகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிந்தி வந்து வேலை செய்யாத ஆளை ஒரு முகாமையாளர் என்ன செய்யவேண்டும் என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பதினாறு வருடமாகப் பெரட்டில் நின்று காதால் கேட்டுப் பழகியது. பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

“இன்னைக்குப் பேர் இல்ல” என்றாள். “திரும்பிப் போங்க... ங்கய்யா.”

கண்டாக்கையா நிமிர்ந்தார். காதிலிருந்த பீடியை எடுத்தார். துவாயை உதறித் தோளில் போட்டார். ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். அவர் போனது கோபித்துக்கொண்டா, நடித்துக்கொண்டா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

“என்னாடி செஞ்சிபுட்ட?” என்றாள் செலினா.

“வெளையாட்டுத்தானே?”

“நமக்கு வெளையாட்டு. அவருக்கு?”

“அற்புதம்!” என்றார் ஸ்ரீதரன். “முரண்பாட்டு முகாமைத்துவம்! அதில வரவில்லை எண்டு போடுங்கோ.”

அவள் பதிவேட்டில் டெனிஸ் என்ற பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்தாள். கிழித்த பிறகு, இது நடிக்கிற பதிவேடா உண்மையான பதிவேடா என்று கேட்க நினைத்து, பதிவேட்டை மூடினாள்.

மறுநாள் காலை ஆறு மணி. பெரட்டில் கண்டாக்கையா காக்கிச் சட்டையோடு நின்றார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மலை சொன்னார். கிருஷ்ணகுமாரியின் முறை வந்ததும் முகத்தைப் பார்க்காமலே, “பதினாலு” என்றார். பதினாலாம் மலை தோட்டத்தின் உச்சி. மழைக்காலத்தில் இரத்தம் குடிக்கிற அட்டைகள் ஆளைக் கண்டதும் வரிசையில் நிற்கும். பால் வாளியோடு அங்கிருந்து இறங்கி வந்து, நிறுத்துக் கொடுத்து, கால் கழுவி அவள் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு இருபது.

தொழிலாளி அன்றைக்கு இரண்டு மணிக்கே வந்து கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“மொகாமையாளர் லேட்டுங்களே” என்றார் பணிவாக. “நாங்க பாவப்பட்ட ஆளுங்க. மேல உள்ளவங்களே நேரத்துக்கு வராட்டி எங்களுக்கு எப்படீங்க வேல ஓடும்?” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தொடாமலே படுத்துக்கொண்டார்.

அப்படியே நாட்கள் போயின. காலையில் அவர் அவளைப் பதினாலாம் மலைக்கு அனுப்பினார். பிற்பகலில் அவள் அவரைத் திருப்பி அனுப்பினாள். ஆறாம் நாள் அவர் வேலைநிறுத்தம் அறிவித்தார். ஒரு தடியில் இளஞ்சிவப்பு அட்டை ஒன்றைக் குத்தி, தனியாளாகக் கக்கூசைச் சுற்றிவந்து கோஷம் போட்டார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. வேலைநிறுத்தம் செய்தவருக்குப் பேர் கிடையாது என்பது தோட்டத்து வழக்கம். அவள் கோடு கிழித்தாள்.

இதற்கிடையில் சுவர் எழும்பியது. செலினா செங்கல் வைத்தாள். பக்கத்தில் பழனியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் வேலை சொல்லிக் கொடுக்கக்கூடாது; திருப்தி, அதிருப்தி மட்டும் தெரிவிக்கலாம்.

“எனக்குத் திருப்தியில்ல” என்பார்.

செலினா கல்லைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுவாள்.

“இன்னும் திருப்தியில்ல.”

வலப்பக்கம் தள்ளுவாள்.

“இப்பக் கொஞ்சம் திருப்தி. மட்டக்கோல் வச்சுப் பாத்தா இன்னும் திருப்தியா... மன்னிச்சிருங்க சேர், வாய் தவறிப்போச்சு.”

இந்த விதமாக ஒரு கக்கூசு நேராக எழுந்து நின்றது என்பது கல்வி வரலாற்றில் பதியப்படவேண்டிய விஷயந்தான். பேசின் பதித்தாயிற்று. கூரை போட்டாயிற்று. கதவுக்கு நீலப் பெயின்ற் அடித்தாயிற்று. பின்பக்கம் குழாய் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாய்க்கு எதிரே, வெட்டாத மண்ணின் மேல், சுண்ணாம்பு வட்டம் மழையில் கரைந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் கிருஷ்ணகுமாரி ஸ்ரீதரனிடம் போனாள்.

“சேர், வெளையாட்டு போதுங்க. நாளைக்கு விழாவுக்குக் கொழும்புப் பணிப்பாளர் வர்றாரு. குழி இல்லைங்க. பழனியாண்டி அண்ணன்கிட்ட சொன்னா ரெண்டு மணித்தியாலத்துல வெட்டிப்புடுவாரு.”

“வாடிக்கையாளர் எப்பிடிக் குழி வெட்டுறது?”

“அப்ப நான் வெட்டுறேங்க.”

“நீங்கள் மண்வெட்டியைத் தொட்டால் பூச்சியம். யோசிச்சுப் பாருங்கோ. நாப்பது மார்க்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “குழி இல்லாததும் ஒரு கற்றல் விளைவுதான், கிருஷ்ணகுமாரி. கதவைப் பூட்டி வைப்பம். ஆர் பாக்கப் போகினம்?”

அவள் வெளியே வந்து பழனியாண்டியிடம், “அண்ணே, படிச்சவங்க சொல்றாங்க, குழி இல்லாம இருக்கிறதும் படிப்புதானாம்” என்றாள்.

“எனக்குத் திருப்தியில்ல தங்கச்சி” என்றார் பழனியாண்டி.

பத்தாம் நாள் விழா. நிறுவனத்துப் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். வழியில் அவிசாவளையில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மாலை போட்டார்கள், நெற்றியைத் துடைத்தார். கேக் நீட்டினார்கள், கையால் மறித்தார். பங்குபற்றுகிறவர்கள் பத்து நாளும் பாத்திரத்திலிருந்து வெளியே வரவேயில்லை, இப்போதும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று ஸ்ரீதரன் அவருடைய காதில் பெருமையாகச் சொன்னார். பணிப்பாளர் தலையை வேகமாக ஆட்டினார். அரை மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்த உரையை நான்கு வரியில் முடித்தார். இவ்வளவு அடக்கமான பெரிய மனிதரைக் கண்டதில்லை என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

“இப்போ... டொய்லட் எக பாக்கலாம்” என்றார்.

ரிப்பனை வெட்டியவர் அப்படியே நின்று, பூட்டைப் பார்த்தார். சாவிக்குக் கை நீட்டினார்.

சாவி கிருஷ்ணகுமாரியிடம் இருந்தது. சான்றிதழ்கள் இன்னும் மேசை மேல்தான் இருந்தன. ஸ்ரீதரன் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். சுவரோரமாகச் செலினா சிலுவை போட்டுக்கொண்டாள். கிருஷ்ணகுமாரிக்கு ஏழாம் நம்பர் வீடு தெரிந்தது. அக்கா வீட்டு வெடிப்பும் தெரிந்தது. அத்திவாரத்துக்குள் மெத்தை போட்டவர்களும் இப்படித்தான் பேசாமல் நின்றிருப்பார்கள்.

“சேர், உள்ள போகாதீங்க” என்றாள். “குழி இல்லைங்க.”

பணிப்பாளர் விழித்தார். அதையே அவள் சிங்களத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னாள்: “வல நே சேர்! வல கப்பல நே!”

பணிப்பாளர் ஸ்ரீதரனைப் பார்த்தார். ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்திரத்திலதான் நிக்கினம், சேர்” என்றார்.

“ஷா!” பணிப்பாளரின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. “நியமய், அருமை! கடைசி மட்டும் ரோல் ப்ளே!” என்று சொல்லி, சாவியை அவள் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே நாற்பது பேர் மரியாதையாகக் காத்து நின்றார்கள். மேளக்காரர் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். உள்ளே வாளி சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது.

வெளியே வந்தவர் வேறு மனிதராக இருந்தார். அப்போதுதான் அரை மணி நேர உரையை ஆற்றினார். பொய்யென்று தெரிந்தும் தன் பாத்திரத்தை விடாமல், பெரிய அதிகாரி என்றும் பாராமல் மறித்து நின்ற இந்தப் பெண்ணைப் போல் ஒரு மேற்பார்வையாளரைத் தான் எங்குமே பார்த்ததில்லை என்றார். முதற்பரிசு கிருஷ்ணகுமாரிக்கு. இருபது வீட்டு மேற்பார்வையும் அவளுக்கே. அவள், “இல்லைங்க சேர், நெசமாவே குழி...” என்று தொடங்கினாள். மறுபடி கை தட்டினார்கள்.

பெயர்கள் வாசித்து முடிந்தன. டெனிஸ் என்ற பெயர் வரவில்லை.

“எனக்கு?” என்றார் கண்டாக்கையா.

ஸ்ரீதரன் பதிவேட்டைப் புரட்டினார். “வரவு நாலு நாள்தான் இருக்கு.”

“நான் நடிச்சேன் சேர்! சோம்பேறி மாதிரி நடிச்சேன்!”

“நல்லா நடிச்சீங்கள். என்ர ஆய்வில நீங்கள் ஒரு தனி அத்தியாயம். ஆனா பதிவேடு உண்மையானது.” ஸ்ரீதரன் யோசித்தார். “விடுபட்ட செயல்முறையைச் செய்து முடிச்சால் சான்றிதழைத் தபாலில அனுப்பலாம்.”

விடுபட்ட செயல்முறை அட்டையில் தெளிவாக எழுதியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலைப் பெரட்டில் கண்டாக்கையா கிருஷ்ணகுமாரிக்கு எந்த மலையும் சொல்லவில்லை. அவள் இனி பால் வெட்டப் போவதில்லை. பிற்பகல் சரியாக இரண்டு மணிக்கு அவர் அலவாங்கும் மண்வெட்டியுமாகப் பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் வந்தார். சாரம் கட்டவில்லை, காக்கிக் காற்சட்டையோடே வந்திருந்தார். பழனியாண்டியும் செலினாவும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

“இப்ப நான் யாரு?” என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார். “கண்டாக்கையாவா, தொழிலாளியா?”

“தெரியலைங்கய்யா” என்றாள் கிருஷ்ணகுமாரி. “நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வெட்டுங்க.”

அவர் வாழை மரத்தைச் சுற்றிக்கொண்டு, குழாய் நீட்டி நிற்கிற இடத்துக்குப் போனார். மண்வெட்டியை ஓங்கினார். ஓங்கியபடியே குழாயின் வாய்க்குக் கீழே கிடந்ததைப் பார்த்தார்.

பணிப்பாளர் அன்றைக்கு உள்ளே போனது ஒன்றுக்கு அல்ல.